அந்த வெள்ளைப் பெட்டி யாருடையது?

எங்கள் கூட்டமைப்பின் மாதாந்திரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம் இது. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருந்து தோழர்கள் கேட்டதால் இந்த மடலில் வருகிறது. பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.



இன்னிக்கு நான் பேச வந்தது வைஃபை பத்தி. சிரிக்காதீங்க. போன மாசம் இதே இடத்தில் ஒரு தோழர் வாடகைதாரர் சங்கம் பத்திப் பேசினார், அதுக்கு முந்தின மாசம் சாதி ஒழிப்பு. இப்போ இவன் என்ன பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான்னு நினைப்பீங்க. ஆனா இந்தப் பேச்சு ஒரு அக்கா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குது. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. தெரியாததுக்கு நான் வெட்கப்பட்டேன். ஏன்னா என் பிழைப்பே நெட்வொர்க் வேலைதான்.

நாம கூடுற ஹால் உங்களுக்குத் தெரியும். பாதி தரைக்குக் கீழே இருக்கு, போன் சிக்னல் எடுக்காது. அங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் சம்பளப் பாக்கி உதவி முகாம் நடத்துறோம். உணவகத்தில் சமைக்கிறவங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க வருவாங்க. கலிஃபோர்னியாவில் வேலை செஞ்ச கூலியைக் கேட்கிறதுக்குக் குடியேற்ற நிலை ஒரு தடையில்லை, மாநிலத் தொழிலாளர் சட்டமே அப்படித்தான் சொல்லுது. ஆனா சட்டம் சொல்றது வேற, மனசுல இருக்கிற பயம் வேற.

ஒரு அக்கா வந்தாங்க, சமையல் வேலை பார்க்கிறவங்க. படிவம் நிரப்ப இணையம் வேணும். வைஃபை கடவுச்சொல் எழுதின தாளை நீட்டினேன். அவங்க கையை நீட்டலை. "தம்பி, இதுல சேர்ந்தா நான் இங்க வந்தேன்னு எங்கயாச்சும் பதியுமா?"ன்னு கேட்டாங்க.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா"ன்னு சொல்லிட்டேன். அது பொய். ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி யாருடையது, அது எதை எழுதி வைக்குது, எங்கே வைக்குது, யார் பார்க்கலாம் என்பதில் எதுவுமே தெரியாது. சுவரில் மாட்டியிருந்தது, பச்சை விளக்கு எரிஞ்சது, அவ்வளவுதான்.

முதல்ல பெட்டி என்னன்னு பார்த்துடுவோம். வெளியிலிருந்து வர்ற கம்பியை வாங்கிப் பேசுறது மோடம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி குடுத்து, வர்றதைப் போறதைப் பிரிச்சு விடுறது ரௌட்டர். அதையெல்லாம் வானொலி அலையா மாத்தி நம்ம போனுக்கு எட்ட வைக்கிறது அணுகல் புள்ளி, ஆக்சஸ் பாயின்ட். வீட்டில் மூணும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். நாம பொதுவா "ரௌட்டர்"னு சொல்லிடுறோம்.

இந்தப் பெட்டிக்கு என்னென்ன தெரியும்? மிகைப்படுத்தாம சொல்றேன். நீங்க வங்கிக் கணக்குல என்ன தட்டினீங்க, வாட்ஸ்அப்ல என்ன எழுதினீங்க என்பது அதுக்குத் தெரியாது. அது பூட்டிப் போகுது. ஆனா மூணு விஷயம் தெரியும். ஒண்ணு, எந்தக் கருவி எப்போ வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரின்னு ஒரு எண் இருக்கு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் இந்த எண்ணை வலைக்கு வலை மாத்திக் காட்டுது, அது நல்லது. ரெண்டாவது, முகவரி வாங்கும்போது கருவி தன் பெயரையும் சொல்லலாம். உங்க மடிக்கணினிக்கு என்ன பெயர் வச்சிருக்கீங்கன்னு போய்ப் பாருங்க. பாதிப் பேர் சொந்தப் பெயரையே வச்சிருப்பீங்க. நீங்க வைக்கலைன்னாலும் முதல் தடவை போட்டப்போ அதுவே வச்சிருக்கலாம். மூணாவது, எந்தத் தளத்தோட பெயரைக் கேட்டீங்க என்பது. பதிவு பண்ணுன்னு யாராவது சொல்லியிருந்தா அதையும் எழுதும்.

சேர்த்துப் பாருங்க. ஞாயிறு மதியம் 2 மணிக்கு, சம்பளப் பாக்கி முகாம் நடக்கிற ஹாலில், இந்தப் பெயருள்ள கருவி இருந்தது. ஒரு வருகைப் பதிவேட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கையெழுத்து வாங்காத பதிவேடு.

அடுத்த வாரம் விசாரிச்சேன். பெட்டி கட்டட உரிமையாளரோடது. மேகத்திலிருந்து மேலாண்மை பண்ற வகை. அதாவது பெட்டிக்குள்ள எதையும் மாத்த முடியாது, எல்லாம் தயாரிப்பாளரோட சர்வருக்குப் போகும், அங்கிருந்து ஒரு செயலி வழியா பார்க்கலாம். அந்தச் செயலி யார் போனில் இருக்குன்னு கேட்டோம். முன்னாடி இங்கே வாடகைக்கு இருந்த ஒருத்தரைத்தான் உரிமையாளர் சேர்த்து விட்டிருந்தாராம். அவர் காலி பண்ணிப் போய் ரெண்டு வருஷம். அவர் போனில் நம்ம ஹாலுக்கு வர்ற ஒவ்வொரு கருவியும் தெரிஞ்சிருக்கும். அவர் பார்த்திருக்க மாட்டார், கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனா பார்த்தாரா இல்லையான்னு நமக்குத் தெரிய வழியே இல்லை. அதுதான் விஷயம்.

இதில் சட்டப் பக்கமும் ஒண்ணு இருக்கு, இளைய தோழர்கள் கவனிங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979ல் ஸ்மித் எதிர் மேரிலாண்ட் வழக்கில் ஒரு கொள்கையை உறுதிப்படுத்தியது. நீங்களா ஒரு நிறுவனத்துக்குக் குடுத்த தகவலில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்பது. 2018ல் கார்பென்டர் வழக்கில் செல்போன் இருப்பிட விவரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு வந்தது. மத்ததுக்குப் பெரும்பாலும் பழைய கொள்கை இன்னும் நிக்குது. குடியேற்றத் துறை அனுப்புற நிர்வாக சம்மன்ல நீதிபதி கையெழுத்து இருக்காது. நிறுவனம் மறுத்தா, அரசு நீதிமன்றம் போய்த்தான் வாங்கணும். ஆனா நிறுவனம் ஏன் மறுக்கணும்? அதுக்கு அந்த அக்காவைத் தெரியுமா? தகவல் நம்ம கையில் இருந்தா கேள்வி நம்மகிட்ட வரும், நாம வக்கீலைக் கூப்பிடலாம். நிறுவனத்துக்கிட்ட இருந்தா, கேள்வி கேட்டதே நமக்குத் தெரியாம போகலாம். எதையுமே சேர்த்து வைக்கலைன்னா, குடுக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. இதைத் தெளிவா சொல்லிடுறேன்: விசாரணைன்னு வந்த பிறகு இருக்கிறதை அழிக்கிறது குற்றம். ஆரம்பத்திலிருந்தே தேவையில்லாததைச் சேர்க்காம இருக்கிறது நம்ம உரிமை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஆகவே சொந்தமா ஒரு பெட்டி வாங்குறதுன்னு கூட்டத்தில் முடிவாச்சு. ஓபன் டபிள்யூஆர்டி ஓடுற பெட்டி.

இந்த ஓபன் டபிள்யூஆர்டி எங்கிருந்து வந்தது என்பது ஒரு தொழிலாளி கதை மாதிரி. 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு நீலம் கறுப்புப் பெட்டி விட்டது. 2003ல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அதே வருஷம் லினக்ஸ் எழுதுறவங்க கண்டுபிடிச்சாங்க, பெட்டிக்குள்ள ஓடுறது தங்களோட லினக்ஸ்தான்னு. லினக்ஸ் வர்றது ஜிபிஎல் உரிமத்தில். அதன் விதி எளிது: எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ, ஆனா யாருக்குக் குடுக்கிறியோ அவங்க கேட்டா மூல நிரலையும் குடு. நிறுவனம் குடுக்கலை. கேட்டு நெருக்கினாங்க. குடுத்தாங்க. அந்த நிரலை அடிப்படையா வச்சு 2004ல் ஓபன் டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரில் இருக்கிற டபிள்யூஆர்டி அந்தப் பழைய பெட்டியோட பெயர்தான்.

இது யாரோ மனமிரங்கிக் குடுத்த தானம் இல்லை. உழைச்சவங்க முன்கூட்டியே ஒரு நிபந்தனை எழுதி வச்சிருந்தாங்க. அதைக் கேட்டு வாங்க ஆளும் இருந்தாங்க. கூட்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்யுமோ அதே மாதிரி. எழுதி வச்சா மட்டும் போதாது, கேட்கணும்.

பறிக்கவும் முயற்சி நடந்தது. வானொலி அலை விதிகளைக் காட்டி, பெட்டிக்குள்ள வேற மென்பொருள் போட முடியாதபடி தயாரிப்பாளர்கள் பூட்ட ஆரம்பிச்சாங்க. 2016 ஆகஸ்ட்டில் டிபி-லிங்க் நிறுவனத்தோட அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு சமரசம் செய்தது. அலை வலிமை விதியை மீறினதுக்கு 2,00,000 டாலர் அபராதம். கூடவே, வெளியார் எழுதிய திறந்த மென்பொருளை ஆதரிக்க வழி செய்யணும்னு ஒரு ஷரத்து. 2024 கடைசியில் ஓபன் டபிள்யூஆர்டி ஒன் என்கிற பெட்டியே வந்துடுச்சு, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பும் ஓபன் டபிள்யூஆர்டி காரர்களும் சேர்ந்து கொண்டு வந்தது. வந்தப்போ 89 டாலர். முதல் நாளிலிருந்தே திறந்த பெட்டி.

இப்போ கட்டளை வரிக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கும் இணையப் பக்கம் வழியா பொத்தான் அமுக்கி மாத்துற வசதி உண்டு, லூசின்னு பெயர். அதை வேணாம்னு சொல்லலை. ஆனா நாங்க கட்டளை வரியில் தொடங்கினோம். காரணம் கெத்து காட்ட இல்லை. பொத்தானை அமுக்கினா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு இன்னொருத்தருக்குச் சொல்ல வழியில்லை. "மேல வலப்பக்கம் ஒரு மூணு கோடு இருக்கும் பாரு, அதுக்குள்ள..."ன்னு போகும். கட்டளை ஒரு வரி எழுத்து. தாளில் எழுதலாம், வாசிச்சுக் காட்டலாம், கூட்டத்தில் திருத்தலாம்.

காதில் கேட்கிறபடி சொல்றேன், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. பெட்டியையும் மடிக்கணினியையும் கம்பியால் இணைச்சோம். டெர்மினல் திறந்து "எஸ்எஸ்எச்", இடைவெளி விட்டு "ரூட் அட் 192.168.1.1". உள்ளே போயாச்சு. முதல் கட்டளை "பாஸ்வேர்ட்" என்பதன் சுருக்கம், பி ஏ எஸ் எஸ் டபிள்யூ டி. ஏன்னா புதுப் பெட்டியில் கடவுச்சொல்லே இருக்காது. அதுக்குப் பிறகு "யூசிஐ ஷோ வயர்லெஸ்". வைஃபை பத்தின மொத்த அமைப்பும் வரிவரியா திரையில் வந்தது. எந்த அலைவரிசை, என்ன பெயர், என்ன பூட்டு. ஒரு தோழி, வரலாறு படிக்கிறவங்க, "இவ்வளவுதானா?"ன்னு கேட்டாங்க. இவ்வளவுதான். மேகத்தில் ஏதோ மாயம் நடக்குதுன்னு நாம நினைச்சது ஒரு பக்கத்துக்குள்ள அடங்குற எழுத்துக் கோப்பு.

மாத்துறது எப்படின்னு பாருங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். "யூசிஐ செட்" என்று ஒரு மாற்றத்தைச் சொன்னா, அது உடனே நடக்காது. முன்மொழிவா நிக்கும். "யூசிஐ சேஞ்சஸ்" என்று கேட்டா, என்னென்ன முன்மொழிவு காத்திருக்குன்னு பட்டியல் வரும். பிடிக்கலைன்னா "ரிவர்ட்", திரும்பப் பெறலாம். சரின்னா "யூசிஐ கமிட்", தீர்மானம் பதிவாகும். பிறகு "வைஃபை ரீலோட்", நடைமுறைக்கு வரும். முன்மொழிவு, வாசிப்பு, தீர்மானம், நடைமுறை. நம்ம கூட்டம் இதைவிட ஒழுங்கா நடந்திருக்கா சொல்லுங்க!

அன்னிக்கு ராத்திரி நாலு மாற்றம் செஞ்சோம். வந்து போறவங்களுக்குத் தனி வலை, நம்ம அச்சு எந்திரமும் கணினியும் இருக்கிற வலை தனி. அந்த விருந்தினர் வலையில் "ஐசொலேட்" ஒண்ணு, அதாவது ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்க முடியாது. பக்கத்துக் கடைகளோட வைஃபை எல்லாம் 6ஆம் அலைவரிசையில் முட்டிக்கிட்டு இருந்தது, 11க்கு மாறினோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒண்ணோடொண்ணு மோதாத அலைவரிசை இங்கே 1, 6, 11 மட்டும்தான். கடைசியா, பெயர் கேட்கிற பதிவு அணைஞ்சிருக்கான்னு சரிபார்த்தோம்.

பிறகு அக்காவோட கேள்வி. "லாக்ரீட்"னு தட்டினா பெட்டியோட குறிப்பேடு வரும். "கேட்", இடைவெளி, டிஎம்பி அடைவில் டிஹெச்சிபி லீசஸ் கோப்பு: யார் யாருக்கு முகவரி குடுத்தேன்னு ஒரு பட்டியல். என் மடிக்கணினி என் முழுப் பெயரோட அங்கே நின்னது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா வயித்தைக் கலக்கிச்சு. இந்த ரெண்டும் இந்தப் பெட்டியில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினா போயிடும். நாமளா வேற இடத்துக்கு அனுப்பச் சொன்னாத்தான் தங்கும். முகாம் முடிஞ்சதும் பெட்டியை அணைச்சுட்டுப் போறதுன்னு ஒரு வழக்கம் வச்சோம்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் இன்னிக்கு வீரனா நின்னு பேசிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு டெக்சஸில் வேலை. டாலஸ் பக்கம் ஒரு டேட்டா சென்டர், போன் உள்ளே கொண்டு போக முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் அந்த அக்காவுக்கு ஒரு தன்னார்வ வக்கீலோட வீடியோ சந்திப்பு வச்சிருந்தோம். அவங்க ரெண்டு பஸ் மாறி, லீவு நாளில் வந்திருந்தாங்க. அன்னிக்கு வைஃபை இருந்தது, இணையம் இல்லை. முந்தின வாரம் உரிமையாளர் மோடத்தை மாத்தியிருக்கார். புது மோடமும் தன்னை 192.168.1.1னு சொல்லுது, நம்ம பெட்டியும் 192.168.1.1னு சொல்லுது. ஒரே தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. எது உள்ளே, எது வெளியேன்னு பெட்டிக்குக் குழப்பம்.

ஒரு வரியில் சரியாகுற விஷயம். ஆனா கடவுச்சொல் என் தலையில். என்ன மாத்தினோம்னு குறிப்பு என் மடிக்கணினியில். தோழர்கள் பதினேழு தடவை கூப்பிட்டிருக்காங்க. ராத்திரி வெளியே வந்து பார்த்தேன். அக்கா அஞ்சு மணி வரைக்கும் காத்திருந்துட்டுப் போயிட்டாங்களாம். வக்கீலுக்கு அடுத்த நேரம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கிடைச்சது. "பரவால்ல, தம்பி என்ன பண்ணும்"னு சொன்னாங்களாம்.

யாரும் என்னைத் திட்டலை. அந்த வரலாறு படிக்கிற தோழி மட்டும் அடுத்த கூட்டத்தில் ஒண்ணு சொன்னாங்க. "முன்னாடி உரிமையாளர் ஒருத்தர் இருந்தார். இப்போ நீங்க இருக்கீங்க. உங்களை நாங்க நம்புறோம், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

தோழர்களே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கட்டளை வரி தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா அமைப்பு விடுதலை ஆயிடும்னு நினைக்கிறது தப்பு. நம்ம தமிழ்ச் சூழலில் இது இன்னும் கவனமா பார்க்க வேண்டியது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் நெட்வொர்க் தெரிஞ்சவங்க நம்மில் நிறைய. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் படிக்கிற வாய்ப்பு முன்னாடியே கிடைச்ச குடும்பங்கள். "நான் பார்த்துக்கிறேன், நீங்க விடுங்க"ன்னு சொல்றது உதவி மாதிரி இருக்கும். அதுவே ஒரு வேலி. மந்திரம் எனக்கு மட்டும் தெரியும், நீங்க வெளியே நில்லுங்க என்பதை நாம வேற இடத்தில் பார்த்திருக்கோம், எதிர்த்தும் இருக்கோம்.

இதை நமக்கு முன்னாடி யோசிச்சவங்க இருக்காங்க. நியூ ஜெர்சியிலிருந்து துறைமுகத்துக்கு அக்கரையில், புரூக்ளினில் ரெட் ஹூக் என்று ஒரு பகுதி. பொதுக் குடியிருப்பில் வாழ்ற உழைக்கும் மக்கள் அதிகம். ரெட் ஹூக் இனிஷியேட்டிவ் என்ற உள்ளூர் அமைப்பு ஒரு சமூக வைஃபை கட்டத் தொடங்கியிருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடிச்சது. மின்சாரம் போச்சு, தொடர்பு போச்சு. அந்தச் சின்ன வலை தாக்குப் பிடிச்சது, உதவி கேட்கவும் உறவுகளைத் தேடவும் மக்கள் அங்கே வந்தாங்க. பிறகு அதை விரிவாக்கினப்போ, அந்தப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி குடுத்து, அவங்களையே பராமரிப்பாளர்களா வச்சாங்க. டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஸ்னு பெயர். டெட்ராய்ட்டிலும் அதே முறை நடந்தது. கூரையில் ஏறுறதும் அவங்கதான், கட்டளை தட்டுறதும் அவங்கதான்.

நம்ம பக்கத்தில், ஓக்லாண்டில், சூடோ மெஷ் என்ற தன்னார்வக் குழு பீப்பிள்ஸ் ஓபன் நெட்வொர்க் கட்டியது. ஓபன் டபிள்யூஆர்டியை அடிப்படையா வச்சுத் தங்களுக்கான மென்பொருளைச் செஞ்சு, கூரைக்குக் கூரை வானொலி இணைப்பு போட்டாங்க. இணையம் இருக்கிற வீடு இல்லாத வீட்டோட பகிர்ந்துக்கலாம் என்பது எண்ணம். அது இன்னும் தேவை. ஏழைக் குடும்பங்களுக்கு இணையத்துக்காக மாசம் 30 டாலர் குடுத்த கூட்டரசுத் திட்டம் 2024 ஜூனில் நின்னு போச்சு, அதில் 2.3 கோடிக் குடும்பங்கள் இருந்தாங்க. இன்னொண்ணு, "சூடோ" என்பதே ஒரு கட்டளை. அதிகாரம் இல்லாத பயனர், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரத்தை எடுத்துக்கிட்டுச் செய்றது. வேலை முடிஞ்சா அதிகாரமும் முடிஞ்சது. பொறுப்பாளர் பதவிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நாங்க என்ன மாத்தினோம்னு சொல்றேன். முதல்ல, உடைஞ்ச பெட்டியை நான் தொடலை. அந்தத் தோழியும் இன்னொரு மாணவரும் செஞ்சாங்க, நான் போனில் மட்டும். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போக ஒரு வழி இருக்கு, ஃபெயில்சேஃப். பெட்டியைப் போட்டதும் விளக்கு வேகமா மினுக்கும்போது பொத்தானை அமுக்கணும். கம்பியில் இணைச்சு, கணினிக்கு 192.168.1.2னு கையால் முகவரி குடுத்து, உள்ளே போகணும். மூணாவது தடவைதான் விளக்கைப் பிடிச்சாங்க. "மவுண்ட் ரூட்" தட்டி, பழைய கடவுச்சொல்லை மாத்தி, "யூசிஐ செட்" வச்சு உள்வலை முகவரியை 192.168.7.1 ஆக்கி, கமிட், ரீபூட். இணையம் வந்தது. போனில் அவங்க போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்குது.

பொத்தான் அமுக்கினா யார் வேணாலும் உள்ளே போகலாம்னா அது ஆபத்து இல்லையான்னு கேட்பீங்க. பெட்டியைக் கையில் எடுக்கிறவங்க அதை எடுத்துக்கலாம், உண்மை. அதனால அது இப்போ பூட்டின அலமாரிக்குள்ள இருக்கு. சாவி ரெண்டு பேர்கிட்ட. நான் அதில் ஒருத்தன் இல்லை.

அமைப்பு முழுக்க ஒரே ஒரு தாள். என்ன கட்டளை, எதுக்காக, எந்தக் கூட்டத்தில் முடிவானது. தமிழில் விளக்கம், கட்டளை ஆங்கிலத்தில். வைஃபை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் மறைவில்லாம அப்படியே இருக்கும், அதனால அந்த வரியை அடிச்சுட்டுத்தான் அச்செடுப்போம், யாரும் ஈமெயிலில் அனுப்பக் கூடாது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை பராமரிப்பாளர் மாறணும். மாறும்போது புது ஆள் எல்லார் முன்னாடியும் பெட்டியை வெறுமையாக்கி, தாளைப் பார்த்து மறுபடி கட்டணும். முதல் தடவை மூணு மணி நேரம் ஆச்சு. போன தடவை நாற்பது நிமிஷம்.

மென்பொருளைப் புதுப்பிக்கிறதும் அவங்க வேலை. 2018 மே மாசம் விபிஎன்ஃபில்டர்னு ஒரு தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தது. 54 நாடுகளில் குறைஞ்சது 5 லட்சம் ரௌட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்தது. உங்க ரௌட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்கன்னு எஃப்பிஐயே மக்களைக் கேட்டது. யாரும் திறந்து பார்க்காத பெட்டி யாருக்கு வேணாலும் வேலை செய்யும்.

அந்த வாரம் எனக்கு வேற காரணத்துக்காக நினைவிருக்கு. அது தூத்துக்குடி வாரம். மே 22 ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் உயிர் போச்சு. மறுநாள் தமிழக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்த உத்தரவு போட்டது. 2017ல் வந்த தொலைத்தொடர்பு நிறுத்த விதிகள்படி, அப்போ உள்துறைச் செயலாளர் கையெழுத்து ஒண்ணு போதுமா இருந்தது. அப்போ நான் நியூ ஜெர்சியில் படிச்சுட்டிருந்தேன். அம்மா பாளையங்கோட்டையில். அனுப்பின செய்தி எல்லாம் ஒத்தை டிக்கில் நின்னது.

அன்னிக்கு எங்க வீட்டு ரௌட்டரில் ஓபன் டபிள்யூஆர்டி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது. இதை நேர்மையா சொல்லணும். மேலே குழாயை அடைச்சா, கீழே குழாய்த் தலைப்பை நாம எவ்வளவு அழகா வச்சாலும் தண்ணி வராது. நம்ம பெட்டி நம்மோடதா இருக்கலாம், அதுக்கு அப்பால் இருக்கிற கம்பியும் கோபுரமும் நிறுவனத்தோடது, உத்தரவு அரசோடது. நீங்க எங்கெங்கே போறீங்கன்னு இணையம் குடுக்கிற நிறுவனம் இப்பவும் பார்க்கும். அதை மாத்துறது அரசியல் போராட்டம், கட்டளை வரியில் முடியாது. ஆனா தெருவுக்குள்ள, கட்டடத்துக்குள்ள, வெளித்தொடர்பு இல்லாமலே ஒருத்தருக்கொருத்தர் செய்தி அனுப்பிக்கிற வலை கட்ட முடியும். ரெட் ஹூக் அதைக் காட்டிச்சு. அதுக்குப் பெட்டியை உள்ளே போய் மாத்தத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் வேணும். புயல் வந்த பிறகு கத்துக்க நேரம் இருக்காது.

கடைசியா அக்கா. ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. நான் பதில் சொல்லலை. பெட்டியை வச்சிருந்த மாணவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, இதுதான் பட்டியல். உங்க போன் சேர்ந்தா இங்க ஒரு வரி வரும். முகாம் முடிஞ்சதும் பெட்டியை அணைக்கிறோம், இந்த வரி போயிடும். ஆனா இணைய கம்பெனிக்கு இந்த ஹாலிலிருந்து யாரோ ஒரு தளத்துக்குப் போனாங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அதை எங்களால தடுக்க முடியாது." அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாங்க. "அணைக்கிறப்ப நானும் இருக்கேன்"னு சொல்லிட்டு, கடவுச்சொல் தாளுக்குக் கையை நீட்டினாங்க.

சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. அலமாரியைத் திறந்து குடுத்தோம். கம்பியை அவங்களே பிடுங்கினாங்க.

நீங்க செய்ய வேண்டியது மூணு. உங்க கூடுமிடத்து வைஃபை பெட்டி யாருடையது, யார் போனில் அதோட செயலி இருக்குன்னு இந்த வாரமே கேளுங்க. உங்க மடிக்கணினியோட பெயரை இன்னிக்கு ராத்திரியே மாத்துங்க. பழைய ரௌட்டர் ஒண்ணு அலமாரியில் தூங்குதுன்னா, ஓபன் டபிள்யூஆர்டி ஏறுற வகையான்னு பார்த்து, அடுத்த ஞாயிறு கொண்டு வாங்க. கெட்டுப் போனாலும் கவலையில்லை. கத்துக்கிறதுக்குத்தான்.

கத்துக் குடுக்கப் போறது நான் இல்லை. இப்போதைய பராமரிப்பாளர் அதோ, கடைசி வரிசையில் இருக்காங்க. அவங்ககிட்ட கேளுங்க.